நிரந்தரம் என்று முத்திரை குத்திய அட்டை



கொஞ்சம் நீளமான பதிவு இது. காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். வழக்கமாக நம் ஊர்க் கோயில், குளம், கல்வெட்டு என்று எழுதுவேன். இன்று ஓர் அட்டையின் வரலாறு. நம்மில் சில பேர் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. எழுத ஒரு காரணம் உண்டு. நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம். எண்பதுகளின் நடுவில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்னிடம் படித்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. முட்டியில் கையை ஊன்றி ஊன்றி நடந்து வருவார். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும் என்று அவர் அம்மா இடுப்பில் தூக்கி வந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நடவுக்கு ஓடுவார். பிற்பாடு தையல் கற்றுக்கொண்டு, வலது காலால் மிதித்தே மிஷின் ஓட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

வந்தவரை நான் வாசலில் நின்று பார்த்தேன். மகன் இரண்டு கைகளிலும் தூக்கி இறக்கினான். "வலது காலும் போயிடுச்சுங்க சார். மிஷினை வித்துட்டேன்" என்றார்.

"அட்டையில என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அதே அம்பது சதவீதந்தாங்க சார்."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்கதானே சார் அன்னைக்கு வேண்டாம்னீங்க."

எனக்கு நினைவு வந்துவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும். நல்ல காலும் சோர்ந்து போகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, மறுபடியும் டாக்டரிடம் காட்டி சதவீதத்தை மாற்றி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதேப்பா. மறுபடி அளக்கிறேன்னு குறைச்சுப் போட்டுட்டா என்ன பண்ணுவே? வர்ற பென்ஷனும் நின்னுடும்" என்று சொன்னவன் நான்தான். பெரியவர் சொல்வதுபோலத்தான் சொன்னேன். ஆனால் எதையும் படித்துப் பார்க்காமல் சொன்னேன். அவர் போன பிறகுதான் சட்டத்தையும் பழைய கதைகளையும் தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் தஞ்சாவூரிலிருந்தே தொடங்குகிறேன்.

மராட்டியர் காலத்துச் சத்திரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போன பிறகு, இந்தச் சத்திரங்களும் போய்விடக் கூடாதே என்று இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் அங்கே சோறு உண்டு, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு, நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு என்று அதில் விளக்கினார். அந்த உதவிக்குச் சதவீதம் ஏதும் கிடையாது. பசியோடு வந்தவனுக்கு இலை போட்டார்கள். நேற்று நடந்து வந்தவன் இன்று தவழ்ந்து வந்தால் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அவன் யாருக்கும் மனு எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது தர்மம், உரிமை அல்ல. கொடுப்பவர் மனம் மாறினால் கேட்க வழியில்லை.

அதே சரபோஜி மன்னரின் இன்னொரு வேலை எனக்கு இப்போது மிகவும் முக்கியமாகப் படுகிறது. சரசுவதி மகால் நூலகத்தில், 1827-ஐ ஒட்டிய காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நோயாளி யார், என்ன குறை, என்ன மருந்து, எப்படி முன்னேறுகிறது என்று எழுதி, கண்ணின் வண்ணப் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு முறை பார்த்து முத்திரை குத்தி மூடி வைக்கிற காகிதம் அல்ல அது. நோயாளியின் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும் என்று ஒப்புக்கொண்ட காகிதம். இருநூறு வருஷத்துக்கு முன் நம் ஊரில் இருந்த அந்த எண்ணம், பின்னால் வந்த அரசாங்கக் காகிதங்களுக்குள் வர நெடுங்காலம் ஆயிற்று.

அடுத்தது சதவீதத்தின் கதை. அது நம் ஊரில் பிறந்தது அல்ல. தொழிற்சாலையிலும் போர்க்களத்திலும் பிறந்தது.

ஜெர்மனியில் 1884-இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. மிஷினில் கை போனவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. முதல் உலகப் போரில் கையும் காலும் இழந்து திரும்பிய படைவீரர்கள் லட்சக்கணக்கில் பெருகியபோது, பிரிட்டிஷ் அரசு எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்று 20 முதல் 100 வரை பட்டியல் போட்டது. நம் நாட்டுக்கு அந்த வழி 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தோடு வந்து சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் அட்டவணை பின்னால் திருத்தப்பட்டபோது கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 என்று இருந்தது. கணக்கு வாத்தியாருக்கே மனசு கூசும் கணக்கு.

ஆனால் அதே சட்டத்தின் ஆறாவது பிரிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காயம்பட்டவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கப்படும் தொகையை, அவர் உடல்நிலை மாறியிருக்கிறது என்று டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பித்தால், மறுபடி பரிசீலிக்கலாம். முதலாளியும் கேட்கலாம், தொழிலாளியும் கேட்கலாம். அதாவது, 'தேறிவிட்டான், குறையுங்கள்' என்று சொல்ல முதலாளிக்கு எவ்வளவு உரிமையோ, 'மோசமாகிவிட்டது, கூட்டுங்கள்' என்று சொல்ல தொழிலாளிக்கும் அவ்வளவு உரிமை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-லேயே, அது எழுத்தில் இருந்திருக்கிறது. நான் 2012 வாக்கில் என் மாணவருக்கு அது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்கிறோமே, அது. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. அதில் மருத்துவ வாரியத்தின் மதிப்பீட்டைப் பற்றி 55-ஆவது பிரிவு பேசியது. மதிப்பீடு செய்தபின், காயத்தின் விளைவு முன்பு எதிர்பார்த்திராத அளவுக்குக் கணிசமாக மோசமாகியிருந்தால், வாரியம் தன் முடிவை மறுபடி பரிசீலிக்கலாம் என்று அது சொன்னது. இந்த ஒப்புதலைக் கவனியுங்கள். டாக்டர்கள் பார்த்த நாளில் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுவிட முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

சரி, இதெல்லாம் ஆலைத் தொழிலாளிக்கு. நம் டெல்டாவில் என்ன நடந்தது? நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு விவசாயம் செய்பவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அரிவாளும் நாற்றுமுடியும் பிடித்தவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அது கூலிக்கும், நினைத்த நேரத்தில் விரட்டாமல் இருப்பதற்குமான சட்டம். கால் விளங்காதவன், கண் தெரியாதவன் வீட்டு மூலையில்தான் இருந்தான். அண்ணன் தம்பி போட்டால் சோறு.

அந்த மூலைக்கு அரசுப் பணம் முதலில் வந்தது முதியோர் ஓய்வூதியமாக, 1962-இல். மாதம் 20 ரூபாய். ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974-இல் வந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கு 1975-இல். அந்த 'ஆதரவற்ற' என்ற சொல்லை நான் அடிக்கோடிடச் சொல்வேன். தனக்கு யாரும் இல்லை என்று காட்டினால்தான் பணம். ஊர்ப் பெரியவர், கர்ணம், தாலுகா ஆபீஸ் எல்லோர் முன்னாலும் நின்று தன் இல்லாமையை நிரூபிக்க வேண்டும். அப்படி ஒரு முறை நிரூபித்து வாங்கிவிட்டால், மறுபடி அந்த வாசலுக்குப் போக யாருக்கு மனசு வரும்? மணியார்டர் வந்துகொண்டிருக்கட்டும், நாம் வாயைத் திறக்க வேண்டாம் என்று பழகிவிட்டோம். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக மிராசுதார் வீட்டு வாசலில் பழகிய பழக்கமும் அதுதானே. கொடுப்பவரிடம் கூடக் கேட்டால், கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார் என்ற பயம். என் வாயிலிருந்து வந்த பழமொழியும் அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

அது வெறும் நம் ஊர்ப் பயமும் அல்ல. இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1992-இல் ஒரு உதவித்தொகை தொடங்கினார்கள். 2013 முதல் உழைக்கும் வயதினருக்கு அதன் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். உடல்நிலை தேறினாலும் சொல்ல வேண்டும், மோசமானாலும் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் மோசமாகிவிட்டது என்று சொன்னால் முழுதும் மறுபடி பரிசீலிப்பார்கள். தொகை கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் குறையலாம். அதனால் அங்கேயும் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று முழுமையான சட்டம் 1995-இல் நிறைவேறி, 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பார்வை, செவி, கை கால் இயக்கம் முதலான ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 40 சதவீதம் என்ற எல்லைக்கோடு அப்போதுதான் நம் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. முகாம் போட்டார்கள். மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஏறி ஜனங்கள் வந்தார்கள். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, எண்ணை எழுதினார். என் மாணவருக்கும் அப்படித்தான் எழுதினார்கள். இடது கால், இளம்பிள்ளை வாதம், 50 சதவீதம், நிரந்தரம்.

அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லில்தான் சிக்கல்.

அன்றைய டாக்டர் தவறு செய்யவில்லை. போலியோவில் போன நரம்பு திரும்பி வராது. அதனால் ஊனம் நிரந்தரம். ஆனால் 'நீங்காது' என்பது ஒன்று, 'மாறாது' என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டோம்.

போலியோ கிருமி முதுகுத்தண்டில் உள்ள, தசையை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. பிழைத்துக்கொண்ட நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. செத்துப்போன அணுக்கள் பார்த்துக்கொண்டிருந்த தசைநார்களுக்கும் புதிதாகக் கிளைவிட்டு, அவற்றையும் சேர்த்து இயக்குகின்றன. நம் ஊர் கணக்கில் சொன்னால், பக்கத்து வாய்க்கால் தூர்ந்து போனதும், அதன் பாசன வயலுக்கும் இந்த வாய்க்காலே தண்ணீர் கொடுப்பது மாதிரி. பல வருஷம் கொடுத்துவிடும். ஆனால் வாய்க்காலின் அளவு அதேதான். முப்பது, நாற்பது வருஷம் கழித்துத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் போகும். முதலில் காய்வது கடைசி வயல். நல்ல கால் என்று நாம் நினைத்திருந்த காலிலும் கிருமி கொஞ்சம் கைவைத்திருக்கும், அது வெளியில் தெரிந்திருக்காது. ஆயுசு முழுக்க இரண்டு காலின் வேலையையும் செய்து, தையல் மிஷினையும் மிதித்த கால் அல்லவா அது. சோர்ந்துவிடுகிறது. இதைப் போலியோவுக்குப் பிந்தைய பாதிப்பு என்கிறார்கள். பிரான்சில் 1875-லேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உலகம் அதைக் கவனிக்கத் தொடங்கியது 1980-களில்தான்.

நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் 1995 டிசம்பரில் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் சிலரை நானே கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில் பதிவான ஒரு குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நம் பகுதி போலியோ ஒழிந்த பகுதி என்று அறிவிக்கப்பட்டது. பெரிய சாதனை. ஆனால் நோய் ஒழிந்த செய்தியைக் கொண்டாடும்போது, அதற்கு முன்பே நோய் வந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டோம். அவர்களில் பலருக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்கள் கையில் இருப்பது இளம் வயதில் வாங்கிய அட்டை.

போலியோ மட்டும் இல்லை. தசைச்சிதைவு, பார்க்கின்சன், சில வகைக் கண் நோய்கள், தொழுநோய் குணமான பிறகும் உணர்ச்சியற்ற கைகாலில் ஏற்படும் புண்கள், எல்லாமே வருஷத்துக்கு வருஷம் மாறுகிறவை.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2010-இல் கலைஞர் ஆட்சியில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது. 2016-இல் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை 21 வகை ஆனது. பெயரிலேயே உரிமை என்ற சொல் வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு விதிகள் சான்றிதழை இரண்டாகப் பிரிக்கின்றன. குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாற வாய்ப்பே இல்லை என்றால் நிரந்தரச் சான்றிதழ். மாற வாய்ப்பு இருந்தால், எவ்வளவு காலம் செல்லும் என்று சான்றிதழிலேயே குறிப்பிட வேண்டும். சரபோஜி மன்னரின் கண் குறிப்பேட்டில் இருந்த புத்தி சட்டத்தின் எழுத்துக்குள் வந்துவிட்டது.

இந்தச் சதவீதம் ஏன் முக்கியம்? கோடுகள் இருக்கின்றன. 40 ஒரு கோடு. அதற்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். நம் மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 ஒரு கோடு. அது மாதம் 2,000 ரூபாய். தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுக்கு 40 இருந்தாலே போதும். மத்திய அரசு 2009-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 ஒரு கோடு. அதில் மத்திய அரசின் பங்கு முதலில் 200, பிறகு 300 ரூபாய். வருவாய்த் துறை வழியாக நம் மாநிலத்தில் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அட்டையிலேயே நிறம் வந்துவிட்டது. 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

என் மாணவர் 50-இல் நின்றார். அவர் உடம்பு 75-ஐத் தாண்டிப் பல வருஷம் ஆகியிருக்கும். அட்டைக்கு அது தெரியாது. யாராவது போய்ச் சொன்னால்தானே தெரியும். மாதம் 500 ரூபாய் வித்தியாசம் மட்டும் அல்ல. எந்த வண்டி, எந்த நாற்காலி, துணைக்கு ஆள் தேவையா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கென்று சட்டத்தில் 38-ஆவது பிரிவு தனியாகவே இருக்கிறது. முட்டியில் கை ஊன்றி நடப்பவர் என்று காகிதம் சொல்லும்போது, சக்கர நாற்காலி ஏன் என்று அதிகாரி கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பயத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுகிறேன். மறுபடி அளந்தால் குறையவே குறையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அளக்கும் முறையே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. 2001-இல் ஒரு வழிகாட்டுதல், 2018 ஜனவரியில் இன்னொன்று, 2024 மார்ச்சில் திருத்தம். பழைய முறையில் வந்த எண் புதிய முறையில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. குறைபாடு லேசாக இருந்து, இப்போதும் அதே நிலையில் இருப்பவர் யோசித்துத்தான் போக வேண்டும். ஆனால் ஒரு கால் போய் இரண்டு காலும் போனவர், மங்கலாகத் தெரிந்தது இருட்டாகிப் போனவர் எதற்குப் பயப்பட வேண்டும்? முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய 59-ஆவது பிரிவு வழி தருகிறது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி மோசடியாகச் சலுகை வாங்கினால்தான் 91-ஆவது பிரிவில் தண்டனை. இருப்பதைச் சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. இன்னொன்று, தேறிவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வது என்றால் இரண்டு பக்கமும்தான்.

இந்த முறை நானே அவரோடு உட்கார்ந்து தயார் செய்தேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய சான்றிதழ், அட்டை இரண்டையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். அசலைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம் என்றேன். அரசு மருத்துவமனையில் சம்பந்தப்பட்ட டாக்டரிடம் முதலில் காட்டி, எப்போதிலிருந்து, எது எது முடியவில்லை என்று சீட்டில் எழுதி வாங்கினோம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவரையே எழுதச் சொன்னேன். எந்த வருஷம் மாடிப்படி ஏற முடியாமல் போனது, எந்த வருஷம் மிஷினை விற்றது, எத்தனை முறை விழுந்தது, கழிப்பறைக்கு யார் தூக்கிப் போவது. அதை எழுதும்போதுதான் அவருக்கே கண் கலங்கியது. நம் ஆட்கள் டாக்டர் முன்னால் போனதும் "பரவாயில்லீங்க, சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். மரியாதைக்காகச் சொல்வது. அங்கே அந்த மரியாதை வேண்டாம். நல்ல நாளில் எப்படி என்பதையும், மோசமான நாளில் எப்படி என்பதையும், உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். கெட்டுப்போன உறுப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். பழைய அட்டையில் இடது கால் மட்டும்தான் இருந்தது. வலது காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறுமதிப்பீடு கேட்டு மனு கொடுத்தோம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். தனித்துவ அடையாள அட்டையை இணையத்தில் புதுப்பிக்கும் வேலையை அவர் மகன் பார்த்துக்கொண்டான். முகாம் நாளில் மூன்று பேரும் போனோம். காலையில் போனவர்கள் மதியம் வரை காத்திருந்தோம்.

டாக்டர் இளவயதுக்காரர். என் பேரன் வயசு மாதிரித் தெரிந்தது. இரண்டு காலையும் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "இத்தனை வருஷமா ஏங்க ஐயா வரலை?" என்று கேட்டார்.

என் மாணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியாம இருந்துட்டேங்க" என்றார். என்னைக் காப்பாற்றிவிட்டார்.

நானே முன்னால் போய்ச் சொன்னேன். "அவருக்குத் தெரிஞ்சிருந்தது டாக்டர். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

புதிய அட்டை இன்னும் வரவில்லை. என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியாது. வந்ததும் சொல்கிறேன். கூட வந்தாலும், போன பன்னிரண்டு வருஷத்து வித்தியாசத்தை யாரும் தரப்போவதில்லை. அது என் கணக்கில்.

என்னிடம் படித்தவர்கள் இன்றும் எதையாவது முடிவு செய்யுமுன் "சார் என்ன சொல்றீங்க" என்று கேட்கிறீர்கள். அந்த அன்புக்கு நான் கட்டுப்பட்டவன். அதனால்தான் இதை எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி சொல்கிறேன். அன்று நான் சொன்னது தவறு. உங்கள் வீட்டில் பழைய அட்டை வைத்திருக்கும் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால், இந்த வாரம் அதை எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர்களைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மனு எழுதிக் கொடுப்பதற்கு என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்